உருகாத பழ மிட்டாய்

கடித்தால் நெகிழ்ந்து, விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பும் பழ மிட்டாயைக் கடைக்காரர்களும் குழந்தைகளும் கம்மி என்றே அழைக்கிறார்கள். தின்பண்டக் கடையில் அது ஒரு மிட்டாய். வேதியியல் நோக்கில் அது ஓடாமல் நிறுத்தப்பட்ட ஒரு நீர்மம். பழச்சாறும் சீனியும் வெளியே வழிந்துவிடாதபடி, கண்ணுக்குத் தெரியாத நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு வலையைக் கட்டுகின்றன. அவ்வலையின் இடுக்குகளில் நீர் சிக்கி நிற்கிறது. இவ்வாறு மிகச் சிறிதளவு திண்மம் பேரளவு நீரைப் பிடித்து நிறுத்தும் அமைப்புக்கு ஜெல் என்று பெயர். ஆகவே, வீட்டில் பழ மிட்டாய் செய்ய முற்படுவோர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பழத்தை அன்று, வலைப்பொருளை. எந்த வலை எந்த வெப்பத்தில் நிற்கும், எந்தப் பழத்தோடு ஒத்துப்போகும், அதை வீட்டில் யார் யார் உண்பார்கள் என்ற கேள்விகளுக்கு, மலேசியாவில் நெகிரி செம்பிலானின் லுக்குட் போன்ற ஓர் ஊரில் கிடைக்கும் விடை, பெரும்பாலான சமையற்குறிப்புகள் தரும் விடையிலிருந்து மாறுபட்டது.

அக்குறிப்புகளின் வேர் குளிர்நாடுகளில் இருக்கிறது. ஜெர்மனியின் பான் நகரில் ஹான்ஸ் ரீகல் என்பவர் 1920-இல் ஹரிபோ நிறுவனத்தைத் தொடங்கி, 1922-இல் கரடி உருவம் கொண்ட மிட்டாயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அதற்கு நெகிழ்ச்சி தந்தது வேல மர வகைகளிலிருந்து வடியும் அரபுப் பிசின். பின்னாளில் அதன் இடத்தை ஜெலட்டின் பிடித்துக்கொண்டது. விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தை அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து, வெந்நீரில் கரைத்துப் பெறுவதே ஜெலட்டின். கொலாஜனில் மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. சூட்டில் அம்முறுக்கு அவிழ்கிறது. ஆறும்போது அவிழ்ந்த இழைகள் அங்கங்கே மட்டும் மீண்டும் முறுக்கிக்கொள்ள, முறுக்கிய இடங்கள் முடிச்சுகளாகவும் முறுக்காத இடங்கள் நெகிழும் இழைகளாகவும் அமைந்த வலை உருவாகிறது. கம்மி மிட்டாயின் இழுவைத்தன்மை முழுவதும் அந்த முறுக்காத இடங்களின் கொடை. முடிச்சுகளோ வலுவற்றவை; 30 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே அவை அவிழ்ந்துவிடும். மனித உடலின் வெப்பம் 37 பாகை என்பதால், ஜெலட்டின் மிட்டாய் வாயில் மெல்லக் கரைந்து சுவையை விடுவிக்கிறது. பானில் இருபது பாகை வெப்பமுள்ள ஓர் அறையில் இது ஒரு பெரும் நற்குணம்.

லுக்குட், மலாக்கா நீரிணையின் கரையோரமாக, போர்ட்டிக்சன் பட்டணத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகையைக் கடந்து நிற்கும் இவ்வட்டாரத்தில், ஜெலட்டினின் உருகுநிலையும் சமையலறையின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றே. ஆலை மிட்டாயில் ஜெலட்டின் செறிவாக இருப்பதாலும் நீர் குறைவாக இருப்பதாலும் அது ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. வீட்டில், பழச்சாற்றில் சிறிது ஜெலட்டின் தூளைக் கரைத்துச் செய்த மிட்டாய் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்த சிறிது நேரத்திலேயே மூலைகள் மழுங்கி, தட்டோடு ஒட்டி, பிறகு சாறாகவே ஓடிவிடுகிறது. செய்தவரின் கைப்பக்குவத்தில் குறை ஏதுமில்லை. பொருளின் இயல்பே அதுதான்.

வெப்பத்தைவிடக் கூர்மையான இன்னொரு தடையும் இருக்கிறது. உலகச் சந்தைக்கு வரும் ஜெலட்டினில் பெரும்பகுதி பன்றித் தோலிலிருந்தும், மாட்டுத் தோல், எலும்புகளிலிருந்தும் எடுக்கப்படுவது. மலேசியாவில் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் வழங்கும் ஹலால் முத்திரை, பொட்டலத்தில் பன்றிப் பொருள் இல்லை என்பதற்கும், விலங்கு சமய முறைப்படி அறுக்கப்பட்டது என்பதற்கும் உறுதி தருகிறது. மாட்டுப் பொருள் இல்லை என்பதற்கு அது உறுதி அன்று. மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் இந்துக் குடும்பம் ஹலால் முத்திரையை மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடாமல், பொட்டலத்தின் பின்புறத்தில் உள்ள சேர்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டியிருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகி, லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பலவும் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்த பின்னரும், தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு தொடர்கிறது. மூவினத்தாரும் கைநீட்டி எடுக்கும் பலகாரத் தட்டில் வைக்கத்தக்க ஜெல் எது என்ற கேள்வி, ஆகவே, வெறும் சமையல் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. மீன் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இச்சிக்கலைப் பாதி தீர்க்கிறது. ஆனால் குளிர்கடல் மீன்களின் ஜெலட்டின் பத்துப் பாகைக்கும் கீழேதான் இறுகத் தொடங்கும் என்பதால் வெப்பச் சிக்கல் இன்னும் மோசமாகிறது. மரக்கறி உண்போருக்கோ அதுவும் ஆகாது.

இவ்விரு தடைகளையும் ஒருசேரத் தாண்டும் பொருள் இந்நாட்டுச் சமையலறையில் நெடுங்காலமாகவே இருக்கிறது. அதுதான் அகார் அகார். அதன் பெருமையை உலகம் அறிந்தது ஓர் ஆய்வுக்கூடத்தின் வழியாக. 1881-இல் ஜெர்மனியில் நுண்ணுயிர் ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த வால்த்தர் ஹெஸ், நுண்ணுயிர்களை வளர்ப்பதற்கு இறைச்சிச் சாற்றை ஜெலட்டினால் இறுக்கிப் பயன்படுத்தினார். கோடை வெப்பத்தில் அது உருகியது. போதாததற்கு, சில நுண்ணுயிர்கள் புரதத்தைச் செரிக்கும் நொதிகளைச் சுரந்து ஜெலட்டினையே கரைத்துத் தின்றன. நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். ஜெலட்டினை அறுக்கும் நொதிக்கு முன்னால் அவ்வலை நிற்காது. வால்த்தரின் மனைவி ஃபேனி ஹெஸ், வெயில் காலத்திலும் தாம் செய்யும் ஜெலி குலையாமல் நிற்பதற்குக் காரணமான அகார் அகாரைப் பயன்படுத்திப் பார்க்குமாறு சொன்னார். அப்பக்குவத்தை அவர் அறிந்தது, முன்பு ஜாவாவில் வாழ்ந்த அண்டைவீட்டாரிடமிருந்து. 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாகக் கோக் அறிவித்த கட்டுரையில் அகார் ஒரு வரியில் இடம்பெற்றது, ஹெஸ் தம்பதியின் பெயர் இடம்பெறவில்லை. இன்றும் உலகெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமிகள் பெரும்பாலும் வளர்வது மலாய்த் தீவுகளின் சமையலறையிலிருந்து சென்ற இந்த ஜெல்லின்மேல்தான். பாடநூல்கள் கோக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லி, ஃபேனியைப் பற்றி வாய்திறக்காமல் போவது நியாயமான கணக்கு அன்று.

கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டினைத் தோற்கடித்த அதே இரண்டு காரணங்கள், வெப்பமும் நொதியும், லுக்குட் வீட்டிலும் அதைத் தோற்கடிக்கின்றன. இங்கே நொதி நுண்ணுயிரிலிருந்து வருவதில்லை, பழத்திலிருந்தே வருகிறது. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பப்பைன், கிவிப் பழத்தில் ஆக்டினிடின், அத்தியில் ஃபிசின் ஆகிய புரதம் அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. இறைச்சி மென்மையாக வேகப் பப்பாளிக்காயைச் சேர்ப்பதும் இதே வினையை நம்பித்தான். பச்சை அன்னாசிச் சாற்றில் ஜெலட்டினைக் கரைத்து எத்தனை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தாலும் அது இறுகாது. சாற்றைச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் அடைத்த அன்னாசி ஜெலட்டினில் இறுகுவதற்கும் அடைக்கும்போது அது சூடேற்றப்பட்டிருப்பதே காரணம். அகாரோ புரதமே அன்று. அது ஒரு கூட்டுச் சர்க்கரை, அதாவது சிறு சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்து அமைந்த நீள்சங்கிலி. புரதத்தை அறுக்கும் கத்தி சர்க்கரைச் சங்கிலியை அறுக்காது என்பதால், அகாரில் பச்சை அன்னாசியையும் தயக்கமின்றிச் சேர்க்கலாம்.

அகார், ஜெலிடியம், கிராசிலேரியா போன்ற செங்கடற்பாசிகளின் செல்சுவரிலிருந்து வெந்நீரில் வடித்தெடுக்கப்படுவது. தமிழ்நாட்டில் மண்டபம், இராமேசுவரம் கடலோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகார் தொழிலின் மூலப்பொருள்களே. அங்கே கடைகளில் அது கடற்பாசி என்றோ சைனா கிராஸ் என்றோ விற்கப்படுகிறது. ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு விடுதிக்காரர் எறிந்த கடற்பாசிக் கூழ் குளிர்கால இரவில் உறைந்து, பகலில் காய்ந்து, மீண்டும் கொதிக்கவைத்தபோது ஜெல்லானது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், உறையவைத்து உருக்கி நீரைப் பிரிக்கும் அம்முறை அகார் தயாரிப்பில் இன்றும் கையாளப்படுகிறது. மலேசியக் கடைகளில் அகார் இழைகளாகவும் தூளாகவும் கிடைக்கிறது. இழையை ஊறவைத்து நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும். தூள் விரைவில் கரையும். தூளின் வலு மிகுதி என்பதால் குறிப்பில் இழை என்றிருந்தால் அதே எடைத் தூளை இட்டுவிடக் கூடாது.

அகாரின் தனித்தன்மை அது உருகும் வெப்பத்துக்கும் இறுகும் வெப்பத்துக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளி. ஒருமுறை இறுகிய அகார் ஏறத்தாழ 85 பாகைக்குச் சூடேறினால்தான் மீண்டும் உருகும். உருகிய கரைசலோ 35 முதல் 40 பாகைவரை ஆறினாலொழிய இறுகாது. சங்கிலிகள் இரண்டிரண்டாகச் சுருண்டு, அச்சுருள்கள் பலவும் கற்றையாக ஒட்டிக்கொண்டபின், அக்கற்றைகளைப் பிரிப்பதற்கு, சேர்ப்பதற்குத் தேவைப்பட்டதைவிட மிகுந்த வெப்பம் தேவைப்படுவதே இதற்குக் காரணம். இந்த இடைவெளி வெப்பநாட்டுச் சமையலறைக்கு இருவகையில் உதவுகிறது: லுக்குட்டின் நண்பகலிலும் அகார் குளிர்பெட்டியின் துணையின்றி மேசைமேலேயே இறுகிவிடும், இறுகியபின் வெயிலில் வைத்தாலும் உருகாது.

இனிப் பழத்துக்கு வரலாம். மேலைநாட்டுக் குறிப்புகள் கேட்கும் ராஸ்பெர்ரியும் புளூபெர்ரியும் இங்கே விமானத்தில் வந்து விலையேறிக் கிடப்பவை. கேமரன் மலையின் ஸ்ட்ராபெர்ரி ஓரளவு எட்டக்கூடியது. ஆனால் கொல்லையில் நட்டாலே காய்க்கும் மல்பெரி என்னும் முசுக்கட்டைப் பழமும், புளிச்சக்கீரைக்கு நெருங்கிய உறவான ரோசெல் செடியின் சிவந்த புல்லியிதழ்களும், நாவற்பழமும் அதே நிறத்தையும் அதைவிடக் கூர்மையான சுவையையும் தருகின்றன. இவற்றின் கருஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகள் காரணம். ஊடகம் புளிப்பாக இருக்கும்போது சிவந்தும், புளிப்புக் குறையும்போது ஊதாவாகவும் நீலமாகவும் மாறுவது இவற்றின் இயல்பு. நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூவின் சாற்றில் சில துளி எலுமிச்சை விழுந்ததும் ஊதாவாவது இதனால்தான். இறக்குமதி நிறத்தூள் எதுவுமின்றி, ஒரே பாத்திரத்துச் சங்குப்பூச் சாற்றைப் பிரித்து, ஒரு பங்கை நீலமாகவே விட்டு மறுபங்கில் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்தால் இருநிற மிட்டாய் கிடைத்துவிடும்.

புளிப்பு நிறத்துக்கு நல்லது, அகாருக்கு ஆகாது. சூடும் அமிலமும் சேர்ந்தால் அகாரின் சர்க்கரைச் சங்கிலிகள் துண்டுபடுகின்றன. துண்டான சங்கிலி வலையாகாது. ரோசெல் சாற்றிலேயே அகாரைப் போட்டுக் கொதிக்கவைத்தவர்கள் கூழான ஜெலியோடு ஏமாறுவது இந்தக் காரணத்தால்தான். ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 200 மில்லிலிட்டர் நீரில் 8 கிராம் அகார் தூளை முதலில் குளிர்ந்த நிலையிலேயே கலந்து, பிறகு அடுப்பேற்றி, கிளறியபடியே மூன்று நான்கு நிமிடங்கள் நன்றாகக் கொதிக்கவிட்டுத் துகள் எதுவும் மிதக்காத நிலையில் 150 கிராம் சீனியைச் சேர்க்க வேண்டும். அகார் கரைவதற்குமுன் சீனியை இட்டால், நீருக்காகச் சீனி அகாரோடு போட்டியிட்டு அதை முழுமையாகக் கரையவிடாது. சீனி கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, வடிகட்டிய பழச்சாறு 200 மில்லிலிட்டரைச் சேர்க்கலாம். அச்சாறு கைபொறுக்கும் அளவுக்காவது சூடாக இருக்க வேண்டும்; குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாற்றை அப்படியே ஊற்றினால், அது பட்ட இடத்தில் கலவை 40 பாகைக்குக் கீழே இறங்கி, கட்டிகட்டியாக அங்கேயே இறுகிவிடும். கடைசியாகச் சேர்ப்பதால் பழத்தின் மணமும், சூட்டில் எளிதில் அழியும் சி உயிர்ச்சத்தும் ஓரளவு தப்புகின்றன. எடையைக் கண்மதிப்பில் விடாமல் சிறு தராசில் பார்ப்பது நல்லது. அகார் ஒரு விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் வாயில் வேறுபாடு தெரியும்.

இப்படிக் கிடைப்பது அழகாகக் கத்தியில் வெட்டுப்படும், உருகாத, சுவையான ஜெலி. அதைக் கம்மி என்று சொன்னால் குழந்தைகள் ஏற்கமாட்டார்கள். அகார் கற்றைகள் தடித்தவை, விறைப்பானவை. அவற்றுக்கிடையே ஜெலட்டினில் உள்ளதுபோன்ற நெகிழும் இழைகள் குறைவு. கடித்தால் அகார் நெகிழாமல் பட்டென்று உடைகிறது. நாளாக ஆக வலை இன்னும் இறுகிச் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைத் தட்டில் கசியவிடுகிறது. அகாரைப் புகழ்கிறவர்கள் இக்குறையை மறைத்துவிடுவதுண்டு. அதை நீக்க வழிகள் இருக்கின்றன. அவற்றுள் மிகச் சிறந்தது புதிய கண்டுபிடிப்பு எதுவும் அன்று, மலாய்க் குடும்பங்கள் நோன்புப் பெருநாளுக்குச் செய்யும் அகார் அகார் கெரிங் என்னும் உலர்ந்த அகார் மிட்டாய்.

அதற்கு, 25 கிராம் அகார் இழையை ஊறவைத்து, 600 மில்லிலிட்டர் நீரில் முழுதும் கரையும்வரை கொதிக்கவைத்து, 500 கிராம் சீனி சேர்த்துக் கலவை கெட்டிப்படும்வரை காய்ச்ச வேண்டும்; சுண்டக் காய்ச்சிய ரோசெல் அல்லது மல்பெரிச் சாற்றை இறக்கும் தறுவாயில் சேர்த்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டில் ஊற்றி, இறுகியதும் துண்டுபோட்டு, வலைத்துணி மூடி மூன்று முதல் ஐந்து நாள்வரை வெயிலில் காயவைப்பார்கள். இங்கே நடப்பது எளிமையான வேதியியல். அறை வெப்பத்தில் ஒரு கிராம் நீர் ஏறத்தாழ இரண்டு கிராம் சீனியைத்தான் கரைத்து வைத்திருக்க முடியும். வெயிலில் துண்டின் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகப் போகப்போக, அங்கே அந்த வரம்பு மீறப்பட்டு, சீனி படிகமாகிப் பனி படர்ந்தாற்போல் ஓர் ஓடாகப் படிகிறது. அந்த ஓடு உள்ளேயுள்ள ஈரம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் ஒரே துண்டில் அமைகின்றன. நீர் குறைந்து சீனி செறிந்த அகார் வலை, உடையும் தன்மையை இழந்து, பல்லுக்கு இணங்கும் தன்மையைப் பெறுகிறது.

லுக்குட்டில் காயவைப்பதன் இடர்ப்பாடு வெயிலில் இல்லை, காற்றில் இருக்கிறது. கடலோர ஈரப்பதம் பகலில் தணிந்து, இரவில் 90 விழுக்காட்டை எட்டிவிடும். தூய சீனி ஏறத்தாழ 85 விழுக்காடு ஈரப்பதத்தைக் கடந்ததும் காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்குகிறது. தேனிலும் பழங்களிலும் உள்ள ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரையோ 62 விழுக்காட்டிலேயே கசியும். சீனிக்குப் பதில் தேன் சேர்த்தால் உடலுக்கு நல்லது என்று எண்ணிச் செய்த மிட்டாய், மாலைக்குள் பிசுபிசுவென்று ஆவதன் காரணம் இதுவே. புளிப்புச் சாறு அளவுக்கு மிஞ்சினாலும் இதே விளைவுதான்: அமிலம் சீனியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிளந்துவிட, ஓடு படியாமல் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். மாலை நான்கு மணிக்கெல்லாம் தட்டுகளை உள்ளே எடுத்து, இரவில் மூடிய கலத்தில் வைத்து, மறுநாள் மீண்டும் வெயிலில் வைப்பதே இக்கடலோரத்துக்கு ஏற்ற முறை. மழைக்காலத்தில் 50 அல்லது 60 பாகையில் வைத்த மின்னடுப்பின் கதவைச் சற்றே திறந்துவைத்து உலர்த்தலாம். அகார் 85 பாகைவரை தாங்கும் என்பதால்தான் இதுவே இயலுகிறது. ஜெலட்டின் துண்டுகளை அவ்வடுப்பில் வைத்தால் தட்டு நிறையக் குழம்பு கிடைக்கும்.

மென்று தின்னும் தன்மை வேண்டுவோர்க்கு இன்னொரு வலைப்பொருள் பழத்துக்குள்ளேயே இருக்கிறது. 1825-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகொனோ பிரித்தெடுத்து விவரித்த பெக்டின், தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் கூட்டுச் சர்க்கரை. ஸ்ட்ராபெர்ரியிலும் மல்பெரியிலும் அது குறைவு. கொய்யாவில் நிறைய இருக்கிறது. தாவரவியல் இலக்கணப்படி ஸ்ட்ராபெர்ரி பெர்ரி ஆகாது, கொய்யாதான் பெர்ரி என்பது ஒருபுறமிருக்க, மல்பெரியோடு கொய்யாக் கூழைச் சேர்த்தால் ஒன்றின் நிறமும் மற்றதன் வலையும் கூடிவரும்.

பெக்டின் தானாக இறுகாது. அதன் சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னூட்டம் கொண்ட அமிலக் கிளைகள் இருப்பதால் சங்கிலிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. எலுமிச்சைச் சாறு சேர்ந்து புளிப்பு மிகும்போது அம்மின்னூட்டம் அடங்குகிறது. 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சீனி, சங்கிலிகளைச் சூழ்ந்த நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. விலக்க ஆளில்லாமல், இடையில் நீருமில்லாமல், சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்கு இது புதிய செய்தியாக இருக்காது: மங்குகளிலிருந்து சேர்த்த ரப்பர்ப் பாலில் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றியதும் அது தட்டில் கெட்டிப்படுவதும், பால்துளிகளின் எதிர்மின்னூட்டம் அமிலத்தால் அடங்கி அவை விலகி நிற்க முடியாமல் ஒன்றுவதால்தான். ரப்பர் ஷீட்டும் கொய்யா மிட்டாயும் அந்த ஒரு படியில் ஒரே விதியின் வேலை.

செய்முறையில், பழுத்த கொய்யாவோடு பாதி செங்காயும் கலந்துகொள்வது நல்லது. பழுக்கப் பழுக்கப் பெக்டின் சிதைந்துவிடும். வேகவைத்து மசித்து, விதை போகச் சல்லடையில் தேய்த்த கூழ் 500 கிராமுக்கு 400 கிராம் சீனியும், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் இட்டுக் கிளற வேண்டும். எப்போது இறக்குவது என்பதைக் கொதிநிலையே சொல்லிவிடும்: சீனி செறியச் செறியக் கலவையின் கொதிநிலை ஏறுகிறது, வெப்பமானி 105 பாகையைக் காட்டும்போது சீனி ஏறத்தாழ 65 விழுக்காட்டை எட்டியிருக்கும், 107 பாகையில் இறக்கினால் துண்டுபோடும் பதம் உறுதி. வெப்பமானி இல்லாதோர், அல்வாவுக்குப் பார்ப்பதுபோல, கலவை பாத்திரத்தின் அடியை விட்டுச் சுருண்டு வருவதைப் பார்த்தால் போதும். கோவாவில் பெராத் என்று வழங்கும் கொய்யா இனிப்பு இம்முறையில் செய்யப்படுவதே.

மூன்றாவது வழி, பேக்கிங் பொருள் கடைகளில் விற்கும் கொன்யாக்கு ஜெலித் தூள். கருணைக்கிழங்கின் உறவான கொன்யாக்குக் கிழங்கின் மாவையும், கரகீனன் என்னும் மற்றொரு கடற்பாசிப் பொருளையும் கலந்து செய்த இத்தூள் ரப்பரைப் போன்ற நெகிழ்ச்சியைத் தருகிறது. கரகீனனுக்கான பாசி சபாவின் செம்போர்ணா கடலில் வளர்க்கப்படுகிறது. வேலை எளிது, பயன் விரைவு. பொட்டலத்திலேயே செய்முறை இருப்பதால் இங்கு விரிக்கத் தேவையில்லை.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது, மிட்டாயில் உள்ள நீரின் அளவைவிட, அந்நீரில் எவ்வளவு நுண்ணுயிர்களுக்கு எட்டும் நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதனை நீர்ச்செயற்பாடு என்பர். தூய நீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே வளர்வதில்லை, 0.6-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. சீனி நீரைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு இவ்வளவைக் குறைக்கிறது. உலர்த்தாத அகார் ஜெலியில் அது 1-ஐ ஒட்டியே இருப்பதால், குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாளுக்குமேல் வைக்கலாகாது. சுண்டக் காய்ச்சி நன்கு உலர்த்திய துண்டுகள் காற்றுப்புகாக் கலத்தில் வாரக்கணக்கில் நிற்கும். வீட்டில் செய்ததாலேயே இது உடல்நல உணவு ஆகிவிடாது என்பதும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. கெடாமல் காப்பது சீனி, அதைக் குறைத்தால் ஆயுளும் குறையும். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. சீனியைக் குறைத்து, சிறிதளவாகச் செய்து, அன்றே உண்டுவிடுவது அறிவுடைய வழி.

கடைசியாக, குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஜெலட்டின் துண்டு தொண்டையில் தங்கினாலும் உடல் வெப்பத்தில் மெல்ல இளகும். வெயிலில் உருகாத அகாரும் கொன்யாக்கும் தொண்டையிலும் உருகா. கொன்யாக்கு ஜெலியைச் சிறு கிண்ணங்களில் அடைத்து விற்றதில் உலகின் பல இடங்களில் குழந்தைகள் மூச்சடைத்து இறந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அத்தகைய கிண்ண ஜெலிகளில் கொன்யாக்கைத் தடைசெய்தது. நான்கு வயதுக்குட்பட்டோருக்கு இம்மிட்டாய்களைக் கொடுக்க வேண்டாம். அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்கும் உருண்டை அச்சில் வார்க்காமல், மெல்லிய பட்டைகளாக வெட்டி, உட்காரவைத்து, மென்று தின்னச் சொல்லிக் கொடுங்கள்.